உங்கள் வாட்ஸ்அப்பில் இருந்து நீங்கள் அனுப்பாத செய்தி போகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உடைந்த டிஸ்பிளேவுக்கு அடுத்தபடி அதிகம் வரும் புகார் இதுதான்: "அண்ணா, என் நம்பர்ல இருந்து எல்லாருக்கும் என்னமோ போகுதாம். ரீசெட் போட்டு விட்டுடுங்க." பாதிக்கு மேல் ரீசெட்டுக்கு வேலையே இருக்காது. சில நேரம் அது காரியத்தையே கெடுத்துவிடும். திருடன் எந்த வழியாக உள்ளே வந்தான் என்று தெரிந்தால் அந்த வழியை மட்டும் அடைத்தால் போதும். எந்த வழி என்பதை அறிகுறி சொல்லிவிடும்.

எதையும் தொடும் முன்

செய்தி வந்தவர் யாராவது ஒருவரிடம் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். மேலே நம்பர் தெரிய வேண்டும், நேரமும் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள், கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டை வீட்டில் வேறொருவர் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்து, எச்சரிக்கை. இதையும் வாய்ப்பேச்சாகவே செய்யுங்கள். "என் அக்கவுண்ட் ஹேக் ஆயிடுச்சு" என்று அதே வாட்ஸ்அப்பில் போட்டால் அவனும் படிப்பான். அதை அழித்துவிட்டு, "சும்மா விளையாட்டுக்குப் போட்டேன், பணம் நிஜமாவே வேணும்" என்று உங்கள் பெயரிலேயே பதிலும் போடுவான். எல்லோரையும் கூப்பிட வேண்டியதில்லை. செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் என்றால் வழக்கமாகப் பணம் போடும் வியாபாரிகளை முதலில் கூப்பிட வேண்டும். ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துபவர் என்றால் இந்த வாரம் வரப்போகும் விருந்தினர்கள், அட்வான்ஸ் பாக்கி வைத்திருப்பவர்கள். சொந்தத்தில் ஒரே ஒரு அத்தைக்குச் சொன்னால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். போனை ரீசெட் செய்யாதீர்கள். ஏன் என்பது கீழே வரும்.

அறிகுறி: செய்தி போயிருக்கிறது, ஆனால் ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது என் நம்பரே இல்லை

உங்கள் போட்டோ, உங்கள் பெயர், வேறு நம்பர். இது ஹேக் இல்லை. உங்கள் ப்ரொஃபைல் படத்தை எடுத்துப் புது சிம்மில் ஒட்டியிருக்கிறான், அவ்வளவுதான். உங்கள் போனில் செய்ய வேண்டிய வேலை எதுவுமில்லை.

செய்தி வந்தவர்கள் அந்த நம்பரை ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யட்டும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியிலும் அந்த நம்பரைப் புகாராகப் பதியலாம். உங்கள் பக்கம் ப்ரொஃபைல் படத்தை 'மை கான்டாக்ட்ஸ்' மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். யாரும் பணம் அனுப்பவில்லை என்றால் இதோடு விடலாம்.

அறிகுறி: வாட்ஸ்அப் வழக்கம்போல் திறக்கிறது, ஆனால் நான் அனுப்பாதது போகிறது

அதிகம் வருவது இதுதான். போனில் சம்பந்தப்பட்ட சாட்டைத் திறந்தால் அந்தச் செய்தி இருக்காது. அனுப்பிவிட்டு உங்கள் பக்கம் மட்டும் அழித்திருப்பான், அல்லது சாட்டை ஆர்க்கைவில் தள்ளியிருப்பான். "என் போன்ல ஒண்ணுமே இல்லையே" என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஆர்க்கைவைத் திறந்து பாருங்கள்.

*முதல் காரணம்: வேறொரு கருவியில் உங்கள் வாட்ஸ்அப் ஓடுகிறது.* ஆண்ட்ராய்டில் மேலே மூன்று புள்ளி, அதில் 'லிங்க்டு டிவைசஸ்'. ஐபோனில் செட்டிங்ஸுக்குள் அதே பெயர். உள்ளே 'குரோம்', 'விண்டோஸ்' என்று ஏதாவது இருந்து, அது உங்கள் கடைக் கம்ப்யூட்டர் இல்லை என்றால், தொட்டு 'லாக் அவுட்' கொடுங்கள். சந்தேகமாக இருந்தால் எல்லாவற்றையும் லாக் அவுட் செய்யுங்கள். உங்களுடையதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வெளியேற்றும் முன் அந்தத் திரையையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், எந்தக் கருவி, கடைசியாக எப்போது ஓடியது என்பது அதில் இருக்கும்.

எப்படிச் சேர்ந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். இரண்டு வழி. ஒன்று, ஐந்து நிமிடம் கையில் கிடைத்த உங்கள் போனில் யாரோ கியூஆர் ஸ்கேன் செய்தது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் போட்டுவிட்டு வெளியேறாமல் வந்ததும் இதில் சேரும். மற்றது, இப்போது அதிகமாகிவிட்ட வழி: "என் பொண்ணு டான்ஸ் போட்டியில இருக்கா, ஒரு ஓட்டுப் போடுங்க" என்று தெரிந்தவர் நம்பரில் இருந்தே ஒரு லிங்க் வரும். திறந்தால் போன் நம்பர் கேட்கும். பிறகு எட்டு எழுத்து-எண் குறியீடு ஒன்றைக் காட்டி, அதை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லும். போட்டால் ஓட்டு விழாது, அவன் கம்ப்யூட்டர் உங்கள் கணக்கோடு இணையும். அந்தத் தெரிந்தவரும் உங்களுக்கு முன்பு இதே போல் மாட்டியவர்தான். அவரைத் திட்டாமல், கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

அன்இன்ஸ்டால் வேண்டாம் என்றது இதற்குத்தான். இணைந்த கருவி உங்கள் போன் இல்லாமலேயே 14 நாள் வரை ஓடும். நீங்கள் செயலியை எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். அவன் அங்கே உட்கார்ந்து உங்கள் மாமாவிடம் கடன் கேட்டுக்கொண்டிருப்பான்.

லாக் அவுட் செய்ததும் அக்கவுண்ட் பகுதியில் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு ஆறு இலக்கப் பின் வையுங்கள். ஈமெயிலையும் சேருங்கள். பிறந்த தேதியும் வண்டி நம்பரும் பின் ஆகாது.

*இரண்டாவது: ஜிபி வாட்ஸ்அப் மாதிரி மாற்றிய செயலி.* பிளே ஸ்டோரில் இல்லாமல் யாரோ அனுப்பி ஏற்றிய வாட்ஸ்அப் என்றால், அது யாருக்கு எதை அனுப்புகிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சாட்களை பேக்கப் எடுக்க முயலுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அதை அகற்றி அசல் செயலியைப் போடுங்கள்.

*மூன்றாவது: லிங்க்டு டிவைசஸ் காலி, செயலியும் அசல், ஆனாலும் போகிறது.* அப்படியானால் போனுக்குள்ளேயே ஏதோ இருக்கிறது. ஏபிகே (பிளே ஸ்டோர் இல்லாமல் செயலியை ஏற்றும் ஃபைல்) வழியாக வந்திருக்கும். கீழே 'ஏதோ ஒரு ஃபைலைத் திறந்த பிறகுதான்' என்ற அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: வாட்ஸ்அப் என்னை வெளியே தள்ளிவிட்டது

"உங்கள் நம்பர் வேறு போனில் பதிவாகியிருக்கிறது" என்ற மாதிரி வந்து நிற்கும். ஓடிபி அவன் கைக்குப் போயிருக்கிறது. நீங்களே படித்துச் சொல்லியிருக்கலாம். "தப்பா உங்க நம்பருக்கு வந்துடுச்சு, அனுப்புங்க" என்பதுதான் வழக்கமான பேச்சு. சொல்லவே இல்லை என்றால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

உடனே உங்கள் நம்பரைப் போட்டுத் திரும்பப் பதிவு செய்யுங்கள். இதன் பிறகு நான்கு கிளை.

*ஆறு இலக்கக் குறியீடு வந்தது, உள்ளே போய்விட்டீர்கள்.* அவன் அந்த நொடியே வெளியே. லிங்க்டு டிவைசஸ் பாருங்கள், பின் வையுங்கள், முடிந்தது. பழைய சாட்களை அவன் பார்த்திருப்பானா என்ற பயம் இருக்கும். வேறு போனில் பதிவு செய்வதால் மட்டும் பழைய சாட் அவனுக்குக் கிடைக்காது. அது உங்கள் போனிலும் பேக்கப்பிலும் இருக்கிறது. கூகுள் கணக்கையும் பிடித்திருந்தால்தான் பேக்கப் போகும். அதன் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

*குறியீடு வந்தது, போட்டீர்கள், ஆனால் நீங்கள் வைக்காத பின் கேட்கிறது.* அவன் டூ-ஸ்டெப் போட்டுவிட்டான். இங்கேதான் ஆட்கள் பதறிக் கடைக்கு ஓடி வருகிறார்கள். பதற வேண்டாம். ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்ட உடனே அவனும் வெளியேறிவிட்டான். பின் தெரியாமல் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி யாரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. ஆனால் ஒன்று: உங்கள் ஓடிபி இன்னும் அவன் கைக்குப் போய்க்கொண்டிருந்தால் அவன் திரும்ப நுழைவான், அந்தப் பின் நம்பரும் அவனுடையதுதானே. ஆகவே கால் ஃபார்வர்டு (உங்களுக்கு வரும் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்புவது), ஏபிகே இரண்டையும் இன்றே பாருங்கள், இரண்டும் கீழே வரும்.

*"இத்தனை மணி நேரம் காத்திருக்கவும்" என்கிறது.* அவன் வேண்டுமென்றே தப்புத் தப்பாகக் குறியீடு போட்டு வைத்திருப்பான். மணி ஓடி முடியும் வரை மறுபடி மறுபடி தட்டாதீர்கள், நேரம் நீளும்.

*குறியீடே வரவில்லை.* முதலில் இலவசமான காரணம்: சிக்னல். ஏற்காட்டில் எஸ்டேட் லைனுக்குள் உட்கார்ந்துகொண்டு எஸ்எம்எஸ் வரவில்லை என்றால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒண்டிக்கடை பக்கம், கோபுரம் நன்றாக எடுக்கும் இடத்துக்கு வந்து முயலுங்கள். எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அழைப்பில் குறியீடு கேட்கவும் வழி உண்டு, ஆனால் அதற்கு முன் இதைப் பாருங்கள்: உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறெங்காவது போகின்றனவா? வேறு போனில் இருந்து உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். உங்கள் போன் அடிக்காமல் அங்கே ரிங் போனால் ஃபார்வர்டு இருக்கிறது.

கூரியர்க்காரன் போலப் பேசி, "பார்சல் வந்திருக்கு, இந்த நம்பரை டயல் பண்ணுங்க" என்று *21* அல்லது *401* என்று தொடங்கும் ஒன்றை அடிக்க வைப்பார்கள். அடித்தால் உங்கள் அழைப்பெல்லாம் அவனுக்கு. பிறகு வாட்ஸ்அப் குறியீட்டை அழைப்பில் கேட்டு, அவனே எடுத்துக் கேட்டுக்கொள்வான். இப்படி டயல் செய்து ஃபார்வர்டு போடும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. என்றாலும் அந்தப் பேச்சு நின்றபாடில்லை. *#21# அடித்தால் ஃபார்வர்டு இருக்கிறதா என்று தெரியும். ##002# அடித்தால் எல்லா ஃபார்வர்டும் நீங்கும். உங்கள் சிம்மில் அது வேலை செய்யாவிட்டால் போன் செயலியில் கால் செட்டிங்ஸுக்குள் 'கால் ஃபார்வர்டிங்' போய் ஒவ்வொன்றாக அணையுங்கள், அல்லது கஸ்டமர் கேரிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.

ஃபார்வர்டும் இல்லை, சிக்னலும் இருக்கிறது, ஆனாலும் எஸ்எம்எஸ் வரவில்லை என்றால் ஏபிகே. சிக்னலே சுத்தமாக இல்லை என்றால் சிம்.

அறிகுறி: போனில் சிக்னல் ஒரேயடியாகப் போய்விட்டது

சேலத்துக்குள் இதை உடனே கவனித்துவிடுவார்கள். மலையில் "இன்னிக்கு டவர் இல்ல போல" என்று சாயங்காலம் வரை விட்டுவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. பக்கத்தில் அதே கம்பெனி சிம் வைத்திருப்பவருக்கு எடுக்கிறதா என்று பாருங்கள். எடுத்தால், உங்கள் சிம்மை வேறு போனில் போட்டுப் பாருங்கள். அதிலும் செத்துக் கிடந்தால், உங்கள் நம்பருக்கு அழையுங்கள். உங்கள் போன் கையில் சும்மா இருக்க, அங்கே ரிங் போனால் உங்கள் நம்பருக்கு வேறொருவர் சிம் வாங்கிவிட்டார்.

இதில் என் போன்ற கடைக்காரனுக்கு வேலை இல்லை. முதல் அழைப்பு வங்கிக்கு: கணக்கையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது சிம் கம்பெனிக்கு. பிறகு ஆதாரோடு அவர்கள் ஷோரூமுக்கு நேரில் போங்கள். புது சிம் போட்டதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. அது கோளாறு இல்லை, மோசடியைத் தடுக்க வைத்த விதி. சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: ஏதோ ஒரு ஃபைலைத் திறந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது

முகூர்த்த மாதம் பிறந்தால் போதும், 'கல்யாணப் பத்திரிகை' வந்துவிடும். சித்தப்பா நம்பரில் இருந்தே வரும். படம் போலவோ பிடிஎஃப் போலவோ இருக்கும், ஆனால் பெயரின் வாலில் '.ஏபிகே' என்று நிற்கும். வண்டிக்கு ஃபைன், பிஎம் கிசான் தவணை, வங்கி கேஒய்சி என்ற பெயர்களிலும் வருகிறது. தொட்டதும் "தெரியாத செயலியை நிறுவ அனுமதியா?" என்று போன் கேட்கும். பத்திரிகை பார்க்கும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'அலவ்' கொடுத்திருப்பார்கள். பத்திரிகை திறக்காது. "ஃபைல் கெட்டுப்போச்சு போல" என்று விட்டிருப்பார்கள். அதற்குள் அது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி வாங்கி, ஐகானையும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். உங்களுக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் அவனுக்கும் போகும். வாட்ஸ்அப் போனது பெரிய விஷயமில்லை, வங்கி ஓடிபியும் அதே வழிதான்.

ஏரோபிளேன் மோட் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு போனில் இருந்து வங்கியைக் கூப்பிட்டு நெட் பேங்கிங், யுபிஐ இரண்டையும் நிறுத்துங்கள். அதன் பிறகு இந்த வரிசையில்:

செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' போய் முழுப் பட்டியலையும் கீழ் வரை உருட்டுங்கள். பெயரே இல்லாத, ஐகான் வெறுமையான, அல்லது நீங்கள் போட்டதாக நினைவில்லாத ஒன்று இருக்கும். சில நேரம் வங்கிப் பெயரிலோ 'சப்போர்ட்' என்ற பெயரிலோ இருக்கும். அன்இன்ஸ்டால் கொடுங்கள்.

பொத்தான் மங்கலாக இருந்து தொட முடியாவிட்டால், அது 'டிவைஸ் அட்மின்' அனுமதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. செட்டிங்ஸ் தேடலில் அந்தப் பெயரைப் போட்டு அனுமதியை எடுங்கள். அதோடு 'ஆக்சசிபிலிட்டி', 'நோட்டிஃபிகேஷன் அக்சஸ்', 'டிஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப்' மூன்றையும் பாருங்கள். அங்கே தெரியாத பெயர் எதுவும் இருக்கக் கூடாது.

திரை தானாகவே பின்னால் போய் உங்களை எடுக்க விடாமல் செய்தால் சேஃப் மோட். பல போன்களில் பவர் பட்டனை அழுத்தி, வரும் 'பவர் ஆஃப்' மேல் விரலை வைத்து நிறுத்தினால் கேட்கும். சேஃப் மோடில் வெளியில் இருந்து போட்ட செயலிகள் ஓடாது, நிம்மதியாக எடுக்கலாம்.

எடுத்ததும் டவுன்லோட்ஸில் இருக்கும் அந்த ஏபிகேயை அழியுங்கள். பிளே ஸ்டோரில் 'பிளே புரொடெக்ட்' அணைந்திருக்கும், அதை இயக்கி ஸ்கேன் ஓட்டுங்கள். 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' பகுதியில் வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் கொடுத்த அனுமதியை எடுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு சுத்தமான போனில் மாற்றுங்கள், இந்தப் போனில் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அது திரும்பி வந்தாலோ, எது என்றே கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, இப்போது ரீசெட். போட்டோவையும் தொடர்புகளையும் மட்டும் எடுத்து வையுங்கள். செயலிகளைப் பழைய பேக்கப்பில் இருந்து இறக்காமல் பிளே ஸ்டோரில் இருந்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். கூகுள் கணக்கின் ஈமெயிலும் பாஸ்வேர்டும் நினைவிருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ரீசெட் முடிந்து போன் அதைக் கேட்டு நிற்கும்போது "பையன் போட்டுக் கொடுத்தான், அவன் பெங்களூர்ல இருக்கான்" என்றால் கடையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் வேலை ஆகாது.

இந்தப் பகுதிக்குக் கடைக்கு வருவதில் தப்பில்லை. ஆனால் போனை விட்டுவிட்டுப் போகாமல் பக்கத்தில் இருந்து செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: "இந்தக் கணக்குக்கு வாட்ஸ்அப் பயன்படுத்த அனுமதியில்லை"

அவன் அனுப்பிய குப்பைக்கு நீங்கள் தண்டனை அனுபவிக்கிறீர்கள். திரையிலேயே மறுபரிசீலனை கேட்கும் பொத்தான் இருக்கும். கணக்கு வேறொருவர் கையில் போயிருந்தது, இப்போது திரும்ப எடுத்துவிட்டேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பதில் வரும் வரை வேறு வேலை இல்லை. ஜிபி வாட்ஸ்அப்பால் தடை வந்திருந்தால் அதை எடுத்துவிட்டு அசலில் இருந்து கேளுங்கள்.

டெலிகிராம், இன்ஸ்டாகிராம்

டெலிகிராமில் செட்டிங்ஸ், 'டிவைசஸ்', மற்ற எல்லா செஷனையும் முடித்துவிடுங்கள். புதிதாக நுழைந்தவன் முதல் 24 மணி நேரத்துக்கு உங்களை வெளியேற்ற முடியாது, அன்றே பார்த்தால் உங்கள் கைதான் ஓங்கும். இன்ஸ்டாகிராமில் உள்ளே போக முடியாவிட்டால் அவர்களின் 'ஹேக்டு' உதவிப் பக்கத்தைத் தவிர வேறு வழி இல்லை. ரெக்கவரி செய்து தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள் என்று கமெண்டில் வருபவன் இரண்டாவது திருடன்.

யாராவது பணம் அனுப்பிவிட்டால்

இதில் போனைச் சரிசெய்வதை ஒத்திவையுங்கள். முதலில் 1930, சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் அனுப்பியவர்தான் கூப்பிட வேண்டும், அவர் வங்கிக் கணக்கில் இருந்துதானே போனது. அவருடைய யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண் இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தப் பார்ப்பார்கள், எனவே நிமிடக் கணக்கு. அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிய வேண்டும்.

கணக்கு கைமாறியதற்கு நீங்கள் தனியாக ஒரு புகார் கொடுங்கள். உங்கள் நம்பரில் இருந்து கேட்ட பணம் என்பதால் நாளைக்குக் கேள்வி உங்களிடம் வரலாம். சேலம் மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்குக் கமிஷனரின் கீழ் உள்ள சைபர் கிரைம் காவல் நிலையம். ஏற்காடு மாவட்டக் காவல் எஸ்.பி.யின் கீழ் வருகிறது, அதற்குத் தனி சைபர் கிரைம் நிலையம் இருக்கிறது. மலையில் இருந்து இறங்கி மாநகர நிலையத்துக்குப் போய், அங்கிருந்து இங்கே என்று அலைய வேண்டாம். ஆன்லைனில் பதிந்த புகார் எண்ணோடு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கொண்டு போக வேண்டியவை: முதலில் வாங்கிய ஸ்கிரீன்ஷாட்கள், லிங்க்டு டிவைசஸ் போட்டோ, பணம் போன யுபிஐ ஐடி, ஆதார் நகல், போன். ஏபிகே வந்த சாட்டை அழித்துவிட்டு வராதீர்கள். பணம் போன வழக்கு என்றால், புகார் பதிவாகும் வரை ஏரோபிளேன் மோடிலேயே வைத்திருங்கள், ரீசெட் அதற்குப் பிறகு.